ஜேசிபி நுழையாத கொல்லை

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஆறு வருடத்துக்கு மேல் கிடந்த வேப்பந்தூரை, அதாவது வேப்பமரத்தின் அடிக்கட்டையை, போன சித்திரையில் எடுத்தோம். எடுத்தோம் என்றால் பிடுங்கினோம் என்று நினைக்க வேண்டாம், அரைத்தோம். ஸ்டம்ப் கிரைண்டர் என்று ஒரு சின்ன மிஷின், இரண்டு பேர் தள்ளிக்கொண்டு போகிற அளவுதான், அதை வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க நின்று அரைத்தோம். காரைக்குடியைச் சுற்றிப் பழைய வீடு வைத்திருக்கிற நிறையப் பேர் கொல்லையில் இதே மாதிரி ஒரு தூர் கிடக்கிறது. யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்கிற பெயர் ஜேசிபி. நானும் அதைக் கேட்டு அட்வான்ஸ் கொடுக்கிற வரைக்கும் போய்விட்டேன். கொடுத்திருந்தால் இன்று அடுப்படியின் பின்சுவர் இருந்திருக்காது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மரம் விழுந்தது கஜாவில். 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல், வழியில் இருந்த தென்னந்தோப்புகளை எல்லாம் சாய்த்துவிட்டு, புதுக்கோட்டை தாண்டி எங்கள் பக்கம் வந்தபோதும் வேகம் அடங்கவில்லை. நான் அப்போது சென்னையில் இருந்தேன். வீட்டில் பெரியாத்தா மட்டும். வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் படுத்திருந்தவர், பின்னால் ஏதோ லாரி மோதின மாதிரி சத்தம் கேட்டது என்றார். விடிந்து பார்த்தால் வேம்பு இடுப்பு உயரத்தில் முறிந்து, கிணற்று மேடை மேல் தலையை வைத்துப் படுத்திருக்கிறது. இரண்டு முழம் இந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் அடுப்படி ஓடு அத்தனையும் போயிருக்கும். அந்த மாதம் முழுவதும் மரம் அறுக்கிறவர்களுக்கு ஓயாத வேலை. பத்து நாள் கழித்துத்தான் வந்தார்கள், நடுமரத்தையும் கிளைகளையும் அறுத்து ஏற்றிக்கொண்டு போனார்கள், தூரை விட்டுவிட்டார்கள். அறுத்த மரத்துக்கு விலை உண்டு, தூருக்குக் கூலி மட்டும்தான் உண்டு, யார் எடுப்பார்கள்?

வேம்பு அவ்வளவு சீக்கிரம் சாகிற மரமும் இல்லை. மூன்றே மாதத்தில் தூரைச் சுற்றிச் செந்துளிர் கிளம்பிவிட்டது. மாசி பங்குனியில் காரைக்குடி முத்துமாரியம்மன் திருவிழாவுக்கு வேண்டிய வேப்பிலையைப் பெரியாத்தா அங்கேயே ஒடித்துக்கொண்டார். மரம் திரும்பி வரட்டுமே என்று எனக்கும் ஆசைதான். ஆனால் அது நின்ற இடம் அடுப்படிச் சுவரிலிருந்து நாலு அடி கூட இல்லை. நட்டவர் எப்போது நட்டாரோ, அல்லது காக்காய் போட்ட கொட்டையில் முளைத்ததோ, தெரிந்தவர் யாரும் இப்போது இல்லை. பங்காளிகள் எல்லாரும் முன்னோருக்குப் படையல் வைக்கிற ஒரு படைப்புக்குக் கூடினபோது பேசி, இதை மறுபடி வளர விட வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அப்புறம் துளிரை ஒடித்துக்கொண்டே வந்தோம். நாலாவது வருடம் துளிர்ப்பதை நிறுத்திவிட்டது.

அதோடு சரி, தூர் தானாக மக்கிப் போகும் என்று விட்டதுதான் நாங்கள் செய்த பெரிய தவறு.

வேம்பைக் கறையான் தொடாது என்று ஊரில் சொல்வார்கள். வைரம் பாய்ந்த உள்கட்டைக்கு அது பெரும்பாலும் பொருந்தும். பட்டைக்கு அடுத்த வெளுத்த மரம் இருக்கிறதே, அது செத்து, இரண்டு மழைக்காலம் தண்ணீரில் ஊறி, பஞ்சு மாதிரி ஆன பிறகு கறையானுக்கு வேம்பு என்ன, வேறு மரம் என்ன. ஒரு நாள் பெரியாத்தா போன் பண்ணி, “அடுப்படி அலமாரியில கொட்டானை எடுத்தேன்ப்பா, அடியைக் காணோம், மேல்பாகம் மட்டும் கையோட வருது” என்றார். நேரில் வந்து பார்த்தேன். சாயம் போட்ட பனையோலைக் கொட்டான், அதாவது கூடை, அவருடைய கல்யாணச் சீரில் வந்தது. அடிப்பக்கம் அப்படியே பலகையில் மண்ணோடு மண்ணாக ஒட்டிக்கிடந்தது. பலகையை விரலால் அழுத்தினால் உள்ளே போனது. அது மாம்பலகை.

அங்கிருந்து பின்னோக்கித் தேடினோம். பென்சில் பருமனுக்கு ஒரு மண் சரடு அலமாரியின் பின்னால் இறங்கி, பின்கதவு நிலையை ஒட்டி வெளியே போய், சுண்ணாம்புச் சுவரின் அடியில் ஓடி, தரையில் மறைந்து, மறுபடி தூரின் பட்டையில் தலை காட்டியது. நகத்தால் ஒரு அங்குலம் உடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். உள்ளே வெள்ளை வெள்ளையாக, அரிசி நொய் உயிர் பெற்ற மாதிரி, இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தன. மறுநாள் காலை அந்த ஒரு அங்குலத்தை ஈரமண்ணால் அடைத்துவிட்டிருந்தன, புது மண் மட்டும் கொஞ்சம் கருப்பாகத் தெரிந்தது. ஒன்று சொல்ல வேண்டும், நிலை பர்மாத் தேக்கு, அதில் ஒரு கீறல் இல்லை. அதன் மேல் ஏறி நடந்து தாண்டித்தான் மாம்பலகைக்குப் போயிருக்கின்றன. தேக்கு வீடு என்று நாம் நிம்மதியாக இருக்கிறோம். ஆனால் வீடு முழுக்கத் தேக்கா? அலமாரிப் பலகை, பரண், பழைய கணக்குப் பெட்டி, ஓலைச் சாமான் எல்லாம் எந்த மரம் என்று யார் பார்த்தது.

தூரை எடுத்தால் மட்டும் கறையான் போய்விடாது, அது மண்ணுக்குள் குடியிருக்கிறது, மருந்து தனியாக அடிக்கத்தான் வேண்டும், அடித்தோம். ஆனால் சுவரிலிருந்து நாலு அடியில் மூன்று அடி அகலத்துக்கு இரையை வைத்துக்கொண்டு மருந்து அடித்து என்ன பயன். தூர் போயே ஆக வேண்டும் என்று அன்றைக்கு முடிவானது. தவிர, சித்திரைக் கடைசியில் அப்பச்சிக்கு எழுபதாம் சாந்தி வைத்திருந்தோம். சமையல் பின்கொல்லையில்தான், கோட்டை அடுப்பு போட அந்த இடம் வேண்டும்.

ஜேசிபிக்காரர் வந்து பார்த்தார். நல்ல மனிதர், வேலை தெரிந்தவர். “ஒரே இழுப்புண்ணே, பத்து நிமிஷம்” என்றார். பிரச்சினை இரண்டு. முதலாவது, உள்ளே எப்படி வருவது? எங்கள் பக்கத்து வீடுகள் எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: முகப்பு ஒரு தெருவில், கொல்லைக் கதவு அடுத்த தெருவில், நடுவில் முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, அடுப்படி என்று வீடு நீளமாகப் போகும். பின்கதவு ஆள் போக, மாடு போக வைத்தது. எங்கள் கதவு மூன்றேகால் அடி. ஜேசிபி ஏழு அடிக்கு மேல் அகலம். “காம்பவுண்டை ஒரு பத்தடி உடைச்சுட்டு அப்புறம் கட்டிக்கலாம்ணே” என்றார். அந்தக் காம்பவுண்டு செம்பூரான்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. உடைக்கிறது ஒரு மணி நேரம், அதே மாதிரி திரும்பக் கட்ட இன்று கொத்தனாரைத் தேடிப் பிடிக்கவே ஒரு மாதம் ஆகும்.

இரண்டாவது பிரச்சினையைக் கொத்தனார்தான் சொன்னார். அடுப்படித் தளம் பெயர்ந்ததைப் பார்க்க வந்த வயதானவர், கூப்பிடாமலே கொல்லைக்கு வந்து, தூரையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு வேரின் மேல் காலை வைத்து, அது எந்தத் திசையில் போகிறது என்று காலாலேயே தடவிக்கொண்டு சுவர் வரைக்கும் போனார். “இது சுவத்துக்கு அடியில போயிருக்கு. இழுத்தா வேர் மட்டும் வராது, மேல நிக்கிறதையும் சேத்துக்கிட்டு வரும்” என்றார். இதுதான் விஷயம். மரத்தைத் தூரோடு இழுக்கும்போது வருவது கட்டை மட்டும் இல்லை, வேர் பிடித்திருக்கிற மண் முழுவதும் ஒரு தட்டு மாதிரி நிமிர்ந்து வரும். திறந்த காட்டில் அதனால் ஒன்றும் இல்லை. பழைய அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் அந்தத் தட்டின் ஓரத்தில் வீடு உட்கார்ந்திருக்கிறது. சுண்ணாம்புச் சுவர் எடையை எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும், அடியில் உலுக்கினால் தாங்காது.

வேறு வழிகளும் பார்த்தோம். ஆள் வைத்துத் தோண்டுவதென்றால் சுவரை ஒட்டி நாலு அடி ஆழக் குழி, அதுவும் அதே ஆபத்து. உமியும் வறட்டியும் மூட்டி வாரக்கணக்கில் கனிய வைத்து எரிப்பது வயலில் சரி, மரக்கூரைக்கு அடியில் யார் செய்வார்கள். கல் உப்பைக் கொட்டச் சொன்னார்கள், கிணறு பத்து அடி தள்ளித்தான் இருக்கிறது, தண்ணீர் கெட்டுவிடும். துளை போட்டுக் கொட்டினால் கட்டை மக்கிவிடும் என்று ஒரு தூள் ஆன்லைனில் விற்றார்கள், அதையும் வாங்கி ஆறு மாதம் காத்திருந்தேன், துளையில் எறும்பு குடியேறியதைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை.

மிஷினைப் பற்றிச் சொன்னது கோயம்புத்தூரில் இருக்கிற ஒரு நண்பர். தூர் அரைக்கிற மிஷின் என்பது புதுச் சரக்கு இல்லை. அமெரிக்காவில் அயோவா மாநிலத்து வெர்மீர் கம்பெனி 1950களிலேயே விற்க ஆரம்பித்துவிட்டது. பெரியவை லாரியில் வந்து இறங்கும். கைப்பிடி வைத்துத் தள்ளுகிற குட்டி மிஷின்கள்தான் நம் மாதிரி கொல்லைகளுக்கு. விசாரித்ததில் காரைக்குடியிலேயே தோட்ட வேலைக் கருவிகளை வாடகைக்கு விடுகிற ஒரு தம்பி, ஒன்று வைத்திருந்தார். வாங்கி வைத்து ஒன்றரை வருடம் ஆகிறது, கூப்பிடத்தான் ஆள் இல்லை என்றார். இரண்டேகால் அடி அகலம். எங்கள் பின்கதவில் ஒரு அடி மிச்சத்தோடு நுழையும். ஒரு நாள் வாடகை, அவர் கூலி, குட்டியானை வண்டிச் செலவு எல்லாம் சேர்த்து 7,500 ரூபாய்.

பார்ப்பதற்குப் புல் வெட்டுகிற மிஷினுக்கு அண்ணன் மாதிரி இருக்கும். ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், 13 குதிரைத்திறன். அதிலிருந்து பெல்ட் வழியாக முன்னால் ஒரு இரும்புச் சக்கரம், ஒரு அடிக் குறுக்களவு இருக்கும், சக்கரத்தின் இரண்டு பக்கமும் டங்ஸ்டன் கார்பைடு பற்கள். ரம்பம் மாதிரி இது அறுக்காது. ஒவ்வொரு பல்லும் கட்டையில் ஒரு சிறு சில்லைப் பெயர்த்து எறியும், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை. அவ்வளவுதான் தத்துவம். இன்ஜினைக் குறைத்து வைத்தால் சக்கரம் நின்றுவிடும், வேகம் கூட்டினால்தான் கிளட்ச் பிடித்துச் சுற்றும், இது ஒரு நல்ல ஏற்பாடு. இழுவை என்பதே இல்லை. மண் அசையாது, வேர்த்தட்டு நிமிராது. எலி கொறிப்பது போல மேலிருந்து கீழே கொறித்துக்கொண்டே போகும். பழைய வீட்டுப் பக்கத்தில் நமக்கு வேண்டியது இந்தக் குணம்தான், இதற்காகத்தான் பத்து நிமிட வேலையை ஒரு பகல் வேலையாக ஆக்கிக்கொண்டோம்.

திருவிழா முடிகிற வரை பெரியாத்தா தொடவிடவில்லை. முடிந்து, சித்திரை பிறந்து, ஒரு நல்ல நாள் பார்த்துத் தூருக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்து, சூடம் காட்டிவிட்டு, “இத்தனை வருஷம் நிழல் குடுத்தே, போய்ட்டு வா ஆத்தா” என்று சொன்னார். மிஷின் தம்பியும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுக்கொண்டார். அப்புறம் பூட்ஸ் மாட்டினார்.

முதல் ஒன்றேகால் மணி நேரம் இன்ஜினைத் தொடவே இல்லை, இதைப் பார்த்துத்தான் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது. “கிணத்து மோட்டார் ஒயர் எப்படிப் போகுது, தண்ணிக் குழாய் எப்படிப் போகுது?” என்று முதலில் கேட்டார். ஒயர் எங்கே புதைத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. மண்வெட்டியால் மேலோட்டமாகச் சுரண்டித் தேடியதில் தூரிலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் கிடைத்தது, செங்கல் வைத்து மூடிக் குறி போட்டோம். பிறகு தூரைச் சுற்றி இரண்டு அடிக்கு மண்ணை வழித்துக் கல் பொறுக்கினோம். எங்கள் மண் செம்மண், அதிலும் சரளை. ஒரு கூடை நிறையக் கல் வந்தது, உடைந்த ஓடு வந்தது, தரையில் பதிக்கிற ஆத்தங்குடிப் பூக்கல் துண்டுகூட ஒன்று வந்தது, நீலப் பூ அப்படியே இருந்தது.

“ஆச்சி, இதுல ஆணி கீணி ஏதும் அடிச்சிருக்கீகளா?”

“ஆணி இல்லப்பா. துணிக்கொடிக்கு ஒரு வளையம் அடிச்சோம், நான் கல்யாணமாகி வந்த புதுசுல. கிணத்துப் பக்கம்.”

கிணற்றுப் பக்கம் பார்த்தால் வளையமும் இல்லை, அடையாளமும் இல்லை. ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, மரம் விழுங்கிவிட்டது. பட்டையில் ஓரிடத்தில் மட்டும் உதடு மடிந்த மாதிரி ஒரு சுருக்கம் இருந்தது. அந்தத் தம்பி உளியை அங்கே வைத்துச் சுத்தியால் தட்டத் தட்ட, நாலு விரல் ஆழத்தில் கறுத்த மரம் தெரிந்தது, இரும்பு துருப்பிடித்த இடத்தில் மரம் மை கொட்டியது போலக் கறுத்திருக்கும். இன்னும் கொஞ்சம் தோண்டியதும் வளையத்தின் பாதி கண்ணில் பட்டது. முழுவதையும் எடுக்க அரை மணி நேரம் ஆனது. பெரியாத்தா சொல்லாமல் இருந்தால் சக்கரம் முழு வேகத்தில் அதில்தான் போய் மோதியிருக்கும். மரத்தை அறிந்தவர்கள் வீட்டில் இருந்தால் மிஷினை இறக்குவதற்கு முன்னால் அவர்களிடம் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள், ஊஞ்சல் கட்டியது, மாடு கட்டியது, கொடி கட்டியது எல்லாவற்றையும்.

பிறகு செயின் ரம்பத்தால் தூரைத் தரையோடு ஒட்டி அறுத்தார். இது முக்கியம். ஒரு ரம்பம் ஐந்து நிமிடத்தில் கழிக்கிற கட்டையை மிஷின் ஒரு மணி நேரம் அரைக்க வேண்டி வரும். அறுத்த முகம் பார்க்கும்படியாக இருந்தது: வெளியே சாம்பல் நிறத்தில் உளுத்த வளையம், அதில் கறையான் ஓடிய சந்துகள், உள்ளே செம்பழுப்பில் வைரம், அதில் ஒரு துளை இல்லை.

அரைக்கிற விதம் இப்படி. சக்கரத்தைத் தூரின் நடுவில் இறக்கக் கூடாது, விளிம்பில் ஆரம்பிக்க வேண்டும். ஓர் அங்குலம், அதற்கு மேல் இல்லை, இறக்கி, கைப்பிடியைப் பிடித்து இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று மெதுவாக வீச வேண்டும், கோலமாவைக் கையால் வழிக்கிற மாதிரி. ஒரு வீச்சு முடிந்ததும் கொஞ்சம் முன்னால் தள்ளி அடுத்தது. மேல் அடுக்கு முழுவதும் போன பிறகு திரும்ப விளிம்புக்கு வந்து அடுத்த அங்குலம். இன்ஜின் சத்தத்தில்தான் எல்லாம் இருக்கிறது. சரியாகப் போகும்போது ஒரே சீராக இரையும், அதிகமாக இறக்கிவிட்டால் முக்கும், முக்கினால் உடனே சக்கரத்தைத் தூக்கிவிட வேண்டும். நானும் அரை மணி நேரம் பிடித்துப் பார்த்தேன். முதலில் தோள் முழுவதும் பலம் கொடுத்துத் தள்ளினேன், மிஷின் துள்ளியது. “தள்ளாதீங்கண்ணே, அதுவே திங்கும், நீங்க பிடிச்சுக்கிட்டா போதும்” என்றார். அது பிடிபட்டதும் கையில் ஒரு நிதானம் வந்துவிட்டது. வேப்பந்தூள் தொண்டையில் இறங்கிக் கசந்தது, துண்டை மூக்கில் கட்டியும் கசந்தது, ராத்திரி சாப்பிட்ட சோறு வரைக்கும் கசப்பு இருந்தது.

இரண்டு மூன்று அங்குலத்துக்கு ஒரு தடவை மிஷினை நிறுத்தித் தூளை வாரிக் கொட்டினோம். வாராமல் அரைத்தால் சக்கரம் கட்டையை விட்டுத் தூளையே திரும்பத் திரும்ப அரைத்துக்கொண்டிருக்கும், அடியில் என்ன இருக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியாது. எங்களுக்கு அப்படித்தான் ஒரு தடவை ஆனது. சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று வாராமல் போட்டோம். டங்கென்று ஒரு சத்தம், மிஷின் ஒரு அடி பின்னால் எகிறியது, எதிரே நிறுத்தியிருந்த தகரத்தில் ஏதோ படாரென்று விழுந்தது. வேர்க் கவட்டில் ஒரு செம்பூரான்கல், வேர் வளர்ந்து வளர்ந்து அதைச் சுற்றி மூடியிருக்கிறது. இரண்டு பற்கள் முனை சிதறிவிட்டன. ஒன்றைத் திருப்பி மாட்டியதில் இன்னொரு முனை கிடைத்தது, மற்றதை மாற்ற வேண்டியிருந்தது.

நான் தகரத்தைப் போய்ப் பார்த்தேன். முக உயரத்தில், கட்டைவிரல் போகிற அளவுக்குக் குழிந்திருந்தது. அந்த இடத்துக்குப் பின்னால்தான் தூள் வாருகிற பையன் கால் மணி நேரத்துக்கு முன்பு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு நின்றான். இதை எழுதும்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது. கண்ணாடி, காதுக்கு அடைப்பான், கெட்டி பூட்ஸ், முழுக்கால் சட்டை இதெல்லாம் மிஷின் பிடிக்கிறவருக்கு மட்டும் இல்லை, அந்தக் கொல்லையில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் வேண்டும், அல்லது அவர் உள்ளே போய்விட வேண்டும். வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகளை அப்போதே திண்ணைக்கு அனுப்பினோம். பையனுக்கு என் பூட்ஸைக் கொடுத்தேன், இரண்டு சைஸ் பெரியது, போட்டுக்கொண்டான்.

சாயங்காலம் நாலரை மணிக்கு ஒரு அடி ஆழத்துக்குக் கீழே போயிருந்தோம். கட்டை முடிந்து நாலு பக்கமும் பிரிகிற வேர்கள் மட்டும் தெரிந்தன. கிணற்றுப் பக்கம், கொல்லைப் பக்கம் போன வேர்களை இன்னும் இரண்டு அடி தொடர்ந்து அரைத்தோம். சுவர்ப் பக்கம் போனது தொடைப் பருமன். அதைச் சுவரிலிருந்து ஒன்றரை அடியில் கைரம்பத்தால் துண்டித்துவிட்டு, மிச்சத்தைத் தொடவே இல்லை. தம்பி இன்னும் கொஞ்சம் போகலாம் என்றார், நான் கொத்தனார் சொன்னதைச் சொல்லி நிறுத்திவிட்டேன். அந்த வேர் சுவருக்கு அடியிலேயே இருந்து மெல்ல மக்கட்டும். மக்கும்போது அங்கே ஒரு பொந்து விழும், அதையும் யோசித்துத்தான் செய்தோம். சுவரில் ஏற்கெனவே இருந்த விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறேன். விரிசல் கோட்டைத் தாண்டினால் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும். இதுவரை தாண்டவில்லை.

வெளிச்சம் இருந்ததால் பக்கத்தில் இருந்த ஒரு தென்னந்தூரையும் பார்த்துவிடலாம் என்று போனோம், அது தோல்வி. தென்னைக்கு வைரமும் இல்லை, ஆணிவேரும் இல்லை, எல்லாம் நார். பல் பட்டதும் சில்லாகப் பெயராமல் கயிறு கயிறாக உரிந்து அச்சில் சுற்றிக்கொண்டது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை இன்ஜினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றிவிட்டு, கத்தியால் நாரை அறுத்து எடுக்க வேண்டியிருந்தது. மூன்றாவது தடவையோடு விட்டுவிட்டோம். அப்படியே மக்க விடலாமா என்றால் அதுவும் கூடாது, மக்குகிற தென்னந்தூரில்தான் காண்டாமிருக வண்டு முட்டை வைத்துப் பெருகும், பிறகு நிற்கிற தென்னைகளின் குருத்தைத் துளைக்கும். மறுநாள் இரண்டு ஆள் கோடாரியும் கடப்பாரையுமாக அரை நாளில் அதைப் பெயர்த்துவிட்டார்கள். தென்னைக்கு மிஷின் வாடகை கொடுக்க வேண்டாம் என்பது என் அனுபவம்.

அதேபோல் ஊருக்கு வெளியே எங்கள் புஞ்சையில் இருக்கிற சீமைக் கருவேலத்துக்கு இந்த மிஷினை நான் கூப்பிட மாட்டேன். 2017 வாக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னபோது எங்கள் பக்கம் பலர் தரைக்கு மேலே வெட்டிவிட்டு வந்தார்கள். அடுத்த மழைக்கு ஒவ்வொரு தூரிலும் பத்துக் கம்பு கிளம்பியது. மண்ணுக்குள் இருக்கிற வேர்முண்டு போனால்தான் அது போகும். திறந்த வெளியில், நூற்றுக்கணக்கில் இருக்கும்போது, ஜேசிபிதான் சரி, அங்கே அதைத் தடுக்கச் சுவர் எதுவும் இல்லை.

தூளைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று அடித் தூரில் இருபத்திரண்டு சாக்குத் தூள் வந்தது, நம்பவே முடியவில்லை. அதையே குழியில் தள்ளி மேலே மண் போட்டு மூடிவிடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள், சுலபம்தான். ஆனால் அப்படி மூடினால் கறையானுக்கு மறுபடி சாப்பாடு, போதாததற்கு நன்றாகப் பொடித்து வேறு கொடுக்கிறோம். தூள் மக்க மக்க இடம் உட்காரும். மக்குகிற வரை மண்ணில் இருக்கிற தழைச்சத்தை எல்லாம் அதுவே இழுத்துக்கொள்ளும், மேலே எந்தச் செடி வைத்தாலும் மஞ்சளாக நிற்கும். அதனால் குழியைச் சுத்தமாக வாரினோம். தூளை வீட்டிலிருந்து தள்ளி, மதிலோரத் தென்னைகளுக்கு அடியில் மூடாக்காக மெல்லப் பரப்பினோம், மண்ணோடு கலக்கவில்லை. இரண்டு சாக்கைப் பெரியாத்தா கொசுப் புகைக்கு என்று எடுத்து வைத்துக்கொண்டார்.

குழிக்குக் கண்மாய்ப் பக்கமிருந்து ஒரு டிராக்டர் செம்மண் இறக்கி, அரையடி அரையடியாகப் போட்டுத் தண்ணீர் ஊற்றித் திமிசுக்கட்டையால் இடித்தோம். சாந்தியன்று கோட்டை அடுப்பு அதன் மேலேயே எரிந்தது, வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் அந்த இடத்தில்தான் வெந்தன. துணிக்கொடி இப்போது கிணற்றுத் தூணில் கட்டியிருக்கிறது.

ஐப்பசி மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். குழி இருந்த இடம் ஒரு தாம்பாளம் மாதிரி வட்டமாக இரண்டு விரல் இறங்கித் தண்ணீர் தேங்கியிருந்தது. ஆறு சட்டி மண் கொட்டி இடித்துவிட்டு வந்தேன். தை மாதம் பெரியாத்தா போனில், “இன்னும் ரெண்டு சட்டி பிடிக்கும் போலருக்குப்பா” என்றார். மண் மதிலோரம் குவித்துத்தான் வைத்திருக்கிறது.